அப்பா வெளியே போயிருக்கிறார்

சின்னவளுக்கு ஏதோ சரியில்லை என்பதை முதலில் கண்டுபிடித்தவர்கள் அவள் வேலை பார்த்த பல் மருத்துவமனைக்காரர்கள்தான். அங்கே முன்பதிவு மேசையில் உட்கார்ந்து யாருக்கு எப்போது நேரம் என்று குறித்துக் கொடுப்பது அவள் வேலை. ஒரு திங்கட்கிழமை ஒரே நேரத்தை மூன்று பேருக்குக் கொடுத்துவிட்டாள். மூன்று பேரும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஒரே நாற்காலியைப் பார்த்து நின்றார்கள். அன்றைக்கு எல்லோரும் சிரித்துவிட்டு விட்டுவிட்டார்கள். அந்த வாரத்துக்குள்ளேயே, வருஷக் கணக்காகத் தினமும் வணக்கம் சொல்லும் டாக்டரிடம், "உங்களுக்கு எந்தப் பல்லு சார் வலிக்குது?" என்று கேட்டாள். அதற்கு யாரும் சிரிக்கவில்லை. அக்காவுக்குப் போன் போட்டார்கள்.

அக்கா இரண்டு தெரு தள்ளி ஒரு கடை வைத்திருந்தாள். புதுத் துணி தைக்கும் கடை இல்லை. கால்சட்டை நீளத்தைக் குறைப்பது, ஜிப் மாற்றுவது, எடை கூடிப்போனவர்களுக்கு இடுப்பில் இரண்டு விரல் விட்டுத் தைப்பது, அவ்வளவுதான். கடைக்கு மேலேயே ஒரு அறையில் தனியாக இருந்தாள். தங்கையும் அப்பாவும் பழைய வீட்டில் இருந்தார்கள். அம்மா போனபோது சின்னவளுக்கு ஐந்து வயது. தலை பின்னி, பள்ளிக்கு அனுப்பி, சளிக்கு மருந்து கொடுத்து வளர்த்ததெல்லாம் பெரியவள்தான். அதனால் தங்கை மேல் அவளுக்கு உயிர். அப்பா விஷயம் வேறு.

அப்பா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். அந்த ஊரில் பாதிப் பேர் அவரிடம்தான் ஸ்டீயரிங் பிடித்தார்கள். பக்கத்து இருக்கையில் இருந்தே பிரேக் போட்டுப் பழகிய மனிதர், பஸ்ஸில் போனாலும் வலது காலைத் தரையில் அழுத்திக்கொண்டே வருவார். ஊராருக்கு அத்தனை பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தவர், பெரியவளுக்குக் கற்றுக்கொடுத்த முதல் நாளே நடு ரோட்டில் கத்திவிட்டார். அவள் கதவைத் திறந்து இறங்கி நேராக வீட்டுக்கு நடந்தாள். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் இரண்டு பேரும் ஒரே அச்சில் வார்த்த பிடிவாதக்காரர்கள். சமாதானம் பேசவேண்டிய நாளில் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அது அப்படியே உறைந்துபோயிற்று. சண்டை என்று சொல்ல முடியாது, பேச்சு என்றும் சொல்ல முடியாது. "கேஸ் தீர்ந்துபோச்சு", "மழை வருது, துணி எடு", இந்த மாதிரி வார்த்தைகளிலேயே பதினாறு வருஷம் ஓடிவிட்டது. சின்னவள் மட்டும் அவரிடம் சிரித்துக்கொண்டே வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டாள். பெரியவளுக்கு உள்ளூர ஒரு எரிச்சல். வெளியே காட்டிக்கொள்ள மாட்டாள்.

போன் வந்ததும் ஊசியைத் துணியிலேயே குத்தி வைத்துவிட்டு ஓடினாள். சின்னவள் மருத்துவமனை வாசலில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்னக்கா இந்தப் பக்கம்? பல்லு வலியா?" என்றாள்.

முதலில் எல்லோரும் மனநோய் என்றுதான் நினைத்தார்கள். தூக்கமில்லை. திடீரென்று பயப்படுவாள். சாப்பிட்ட தட்டு ஈரம் காய்வதற்குள், "எனக்குச் சோறு போடலியா?" என்பாள். ஒரு நாள் காலையில் குளியலறையில் வலிப்பு வந்து விழுந்தாள். அதன் பிறகுதான் நரம்பியல் மருத்துவரிடம் போய்ச் சேர்ந்தார்கள். அந்த மருத்துவர் தலைநரைத்த, மெதுவாகப் பேசும் ஒரு அம்மா. முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுத்து எங்கேயோ தூரத்துக்கு அனுப்பினார். நெஞ்சை ஸ்கேன் எடுக்கச் சொன்னார். மூளைக்காரர் எதற்கு நெஞ்சைப் பார்க்கிறார் என்று அப்பாவுக்குப் புரியவே இல்லை. "என்ஜின் ரிப்பேருன்னு போனா டிக்கியைத் திறக்கச் சொல்றாங்களே" என்று முணுமுணுத்தார்.

முடிவுகள் வந்ததும் மருத்துவர் இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சொன்னார்.

"நெஞ்சுக்குள்ள நிணநீர்க் கட்டி ஒண்ணு இருக்கு. புற்றுநோய்தான். பயப்படாதீங்க, இது மருந்துக்குக் கேக்கற வகை. உடம்பு அந்தக் கட்டியோட சண்டை போடறதுக்காக எதிர்ப்புப் புரதங்களைத் தயார் பண்ணியிருக்கு. ஆனா அது ஆள் மாறிப் போய் மூளையை அடிக்குது."

"மூளையில எதை?" என்று பெரியவள் கேட்டாள்.

"நரம்புச் செல் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கிறதுக்கு குளூட்டமேட்னு ஒரு பொருளை அனுப்பும். வாங்கிக்கிற செல் மேல அதுக்குன்னு ஏற்பிகள் இருக்கும். அதுல ரெண்டு சாதி. ஒரு சாதி, குளூட்டமேட் வந்து தொட்ட உடனே கதவைத் திறந்துடும். செய்தி அந்த நிமிஷமே போயிடும். இன்னொரு சாதிக்கு மெட்டபோட்ராபிக்னு பேரு. அது கதவைத் திறக்காது. செல்லுக்கு உள்ள ஆள் அனுப்பும். உள்ள மெதுவா வேலை நடக்கும். எந்த இணைப்பை இறுக்கணும், எதைத் தளர்த்தணும்னு செல் தன்னையே மாத்திக்கும். இன்னைக்குக் கேட்டது நாளைக்கும் நிக்கணும்னா அந்த வேலை நடந்தாகணும். அதுல அஞ்சாம் வகைன்னு ஒண்ணு இருக்கு, ஞாபகம் பதியற இடத்துல நிறைய இருக்கும். உங்க தங்கச்சிக்கு அடி விழறது அங்கதான்."

"அப்போ பழசெல்லாம்?"

"பழசு அப்படியே இருக்கும். புதுசுதான் ஒட்டாது. அந்த ஏற்பிகள் செத்துப்போகலே, செல் அதையெல்லாம் உள்ள இழுத்துக்குது. எதிர்ப்புப் புரதத்தை வடிச்சு, கட்டியையும் கரைச்சிட்டா திரும்பி மேல வரும். நாளாகும். ஆனா வரும்."

அப்பா, "வரும்னா போதும்மா" என்று சொல்லி எழுந்து நின்று கும்பிட்டார். பெரியவள் அவரைப் பார்த்தாள். சட்டை தோளில் தொங்கிற்று. எப்போது இத்தனை மெலிந்தார் என்று நினைத்தாள்.

சிகிச்சை ஆரம்பித்தது. கடையைப் பாதி நேரம் மூடிவிட்டுப் பெரியவள் ஆஸ்பத்திரியில் தங்கையோடு இருந்தாள். ஓடியாடும் வேலை முழுக்க அப்பாவுடையது. ஒரு மதியம் கீழே மருந்துக்கடை வரிசையில் நிற்கப் போனவர் வெகு நேரமாக வரவில்லை. போகும்போது வழக்கத்துக்கு மாறாகக் கதவருகே நின்று, "பெரிசு, நீ கொஞ்சம் கண்ணை மூடு. நான் வந்து பாத்துக்கறேன்" என்றார். அவள், "ம்" என்றாள்.

பிறகு அவள் தேடிக்கொண்டு இறங்கியபோது அவர் சுவரோரத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கையில் மருந்துச் சீட்டு. அவருடைய எண்ணை இரண்டு முறை கூப்பிட்டார்களாம். தூங்குகிறார், பாவம், எழுப்பவேண்டாம் என்று பின்னால் இருந்தவர்கள் நகர்ந்து போனார்களாம்.

சின்னவளுக்குக் காட்டாமல் உடலை எடுக்க முடியாது. மருத்துவரிடம் கேட்டு, ஒரு நர்ஸைத் துணைக்கு வைத்துக்கொண்டு வீட்டுக்குக் கூட்டி வந்தார்கள். அவள் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"அக்கா, அப்பா கை இவ்ளோ ஜில்லுன்னு இருக்கே. போர்வை எடுத்துட்டு வா."

பெரியவள் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். சின்னவள் போட்ட கூச்சலில் தெருவே கலங்கிப் போயிற்று. வந்திருந்தவர்களில் அழாதவர்கள் இல்லை, பெரியவளைத் தவிர. அவளுக்குக் கார் பேசவேண்டும், நர்ஸுக்குச் சாப்பாடு சொல்லவேண்டும், தங்கையை நேரத்துக்குள் கொண்டுபோய் விடவேண்டும். அழுகைக்கு இடம் எங்கே?

திரும்பிப் போகும்போது வண்டி முதல் திருப்பத்தைத் தாண்டியதும் சின்னவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"அப்பா எங்கேக்கா? பின்னாடி வண்டியில வர்றாரா?"

அன்றைக்கு ஆரம்பித்தது. காலையில் கண் விழித்ததும் கேட்பாள். ஊசி போட வரும்போது கேட்பாள். பெரியவளுக்குப் பொய் பேசிப் பழக்கமில்லை. கேட்டபோதெல்லாம் உள்ளதைச் சொன்னாள். சொன்ன ஒவ்வொரு தடவையும் சின்னவளுக்கு அது முதல் தடவை. தலையில் அடித்துக்கொள்வாள், "எப்போ? எப்படி? என்னை ஏன் கூப்பிடலே?" என்று அக்காவின் கையைப் பிடித்து உலுக்குவாள். கொஞ்ச நேரத்தில் எல்லாம் கரைந்துபோகும். ஆனால் முகத்தில் அந்த வாட்டம் மட்டும் போகாது. சூப்பைத் தள்ளி வைப்பாள்.

"ஏன்னு தெரியலைக்கா. நெஞ்சு பாரமா இருக்கு. யாரோ என்னைத் திட்டின மாதிரி இருக்கு."

பெரியவள் மருத்துவரிடம் போய் நின்றாள். "அம்மா, அவ அழறது நிஜமா?"

"அழுகை நிஜம்தான். விஷயம்தான் தங்கறதில்லை. வருத்தம் வேற வழியா உடம்புல கொஞ்ச நேரம் நிக்கும்."

"அப்போ நான் சும்மா சும்மா அவளை வெட்டிட்டு இருக்கேனா?"

மருத்துவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "இப்போதைக்குச் சொல்லாதீங்க. பதியற காலம் வரட்டும், அப்போ ஒரே தடவை சொல்லிக்கலாம்."

மறுநாள் சின்னவள் கேட்டதும் பெரியவள், "மருந்து வாங்கப் போயிருக்கார்" என்றாள். சொல்லும்போது நாக்கு தடித்தது. சின்னவள், "ஓ" என்று சொல்லிவிட்டுச் சூப்பைக் குடித்து முடித்தாள். கிண்ணம் காலியாவதைப் பெரியவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அதற்குப் பிறகு அப்பா போகாத இடமில்லை. டயருக்குக் காற்று அடிக்கப் போனார். முடி வெட்டிக்கொள்ளப் போனார். ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லிப் பெரியவளுக்கே அலுத்துப்போய், ஒரு நாள் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டாள்.

"புதுசா ஒரு அம்மா கத்துக்க வந்திருக்காங்கடி. வயசு அறுபது. லைசென்ஸ் எடுக்காம ஓயமாட்டேன்னு நிக்கிறாங்களாம். அவங்களைக் கூட்டிட்டுப் போயிருக்கார்."

"அறுபதா!" சின்னவளின் கண் விரிந்தது. "அப்பா என்ன சொன்னார்?"

"என்ன சொல்லுவார்? 'அம்மா, கண்ணாடி பின்னாடி வர்ற வண்டியைப் பாக்கறதுக்கு, பொட்டு சரியா இருக்கான்னு பாக்கறதுக்கு இல்லே'ன்னாராம்."

சின்னவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எத்தனை நாளுக்குப் பிறகு! பெரியவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வாக்கியம் தன் வாயிலிருந்து அப்பாவின் குரலில் வந்ததைக் கேட்டுத் திடுக்கிட்டாள். தலையைச் சாய்த்துக்கொண்டு இழுத்துப் பேசும் அந்தத் தினுசு அவளுக்குள் எங்கே இருந்தது?

அதிலிருந்து கடையில் மெஷினை மிதிக்கும்போதே மறுநாளைக்கு அப்பாவை எங்கே அனுப்பலாம் என்று யோசிக்க ஆரம்பித்தாள். அறுபது வயது அம்மா ரிவர்ஸ் எடுத்து ஒரு பழக்கடையின் வாழைத்தாரை இழுத்துக்கொண்டு வந்தாள். அப்பா அதற்குக் காசு கொடுத்துவிட்டு ஒரு பழத்தை உரித்து அவளிடமே நீட்டினார். கதைக்குள் இருந்த அப்பா கத்தவே மாட்டார். போகப்போக அவர் பெரியவளைப் பற்றியும் விசாரித்தார்.

"போகும்போது, 'பெரிசு சாப்பிட்டாளா?'ன்னு கேட்டுட்டுப் போனார்" என்று ஒரு நாள் சொன்னாள். சொன்னதும் வெட்கமாக இருந்தது. கேட்டு வாங்கிய பாராட்டு மாதிரி.

சின்னவள் ஆச்சரியப்படவில்லை. "அவர் எப்பவும் அதான் கேப்பார்."

"எப்பவுமா?"

"உனக்குத் தெரியாதா? தினம் வேலை முடிஞ்சு வரும்போது உன் கடைத் தெரு வழியாதான் வருவார். சுத்து வழி. 'எதுக்குப்பா பெட்ரோலை வீணாக்கறே'ன்னு கேட்டா, 'அவ ஷட்டர் திறந்திருக்கான்னு பாத்துட்டு வந்தேன்'ம்பார். என்னைக்காவது மூடியிருந்தா எனக்குப் போன் பண்ணுவார், 'அக்காவுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையான்னு கேளு, நான் கேட்டேன்னு சொல்லாதே'ன்னு."

பெரியவள் போர்வையைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொண்டாள். கடை மூடியிருந்த நாட்களிலெல்லாம் தங்கையிடமிருந்து போன் வந்தது நினைவுக்கு வந்தது. தங்கைக்குத்தான் தன் மேல் எவ்வளவு பாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு அவள் பேராசைக்காரி ஆகிவிட்டாள். தான் ஒரு பொய்யைச் சொல்லித் தங்கையிடமிருந்து ஒரு நிஜத்தை வாங்குவாள். பழைய ஞாபகம் எதுவும் சின்னவளுக்குக் கெடவில்லை. அன்றைக்கு நடு ரோட்டில் இறங்கிப்போன பிறகு அப்பா என்ன செய்தார் என்று கேட்டாள். "வண்டியை ஓரங்கட்டிட்டு ரொம்ப நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தாராம். 'நான் கத்தினது அவ மேல இல்லே, லாரி வந்தது, பயந்துட்டேன்'னு எங்கிட்டே எத்தனை தடவை சொல்லியிருப்பார்!"

இதையெல்லாம் கேட்டுக் கேட்டுப் பெரியவள் வாழ்நாளில் இல்லாத நெருக்கத்தில் அப்பாவோடு பழகிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிப் படியேறும்போது காலில் ஒரு துள்ளல் வந்தது. அவர் இறந்துவிட்டார் என்பது தெரியும். ஆனால் அந்த அறைக்குள் அவர் சற்று முன்புதான் வெளியே போனவர்.

கட்டி கரைந்துகொண்டிருந்தது. சின்னவளின் தலைமுடி கொட்டிவிட்டது. வலிப்பு நின்றது, தூக்கம் வந்தது. ஒரு காலையில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டே கேட்டாள், "அப்பா எங்கேக்கா?"

"அந்த அம்மாவுக்கு இன்னைக்குப் பரீட்சை. காலையிலேயே கிளம்பிட்டார்."

சின்னவளின் கை நின்றது. "எந்த அம்மா?"

"அதான்டி, அறுபது வயசு அம்மா."

"அவங்கதான் நேத்தே பாஸாயிட்டாங்கன்னு சொன்னியே."

பெரியவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் தங்கையின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "நேத்து நான் சொன்னது ஞாபகமிருக்கா? நிஜமாவா?"

"இருக்கே. ஸ்வீட் பாக்ஸ் வாங்கிட்டு வந்து அப்பா கால்ல விழப்போனாங்க, அப்பா பயந்து நகர்ந்துட்டார்னு சொன்னே."

பெரியவள் செருப்பைக்கூடப் போடாமல் நடைபாதையில் ஓடினாள். மருத்துவர் வந்து சின்னவளிடம் மூன்று பொருள்களின் பெயரைச் சொல்லிவிட்டுப் போய், வெகு நேரம் கழித்து வந்து கேட்டார். மூன்றையும் சொன்னாள். மருத்துவரின் முகம் மலர்ந்தது. பெரியவளை வெளியே அழைத்துக்கொண்டு போய், "ஏற்பிகள் திரும்பி வருதும்மா. பதிய ஆரம்பிச்சிடுச்சு" என்றார். பிறகு அவள் தோளில் கை வைத்தார். "இனிமே நீங்க சொல்றது தங்கும். அதனால பொய் சொல்லாதீங்க. சொல்ல வேண்டியதைச் சொல்லிடுங்க."

அப்போதுதான் பெரியவளுக்கு உறைத்தது. ஓடிவந்த மூச்சு அடங்காமலேயே நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்தாள். தங்கை பிழைத்துவிட்டாள். அதற்கு எத்தனை நாள் காத்திருந்தாள்! ஆனால் இனி அப்பாவை எங்கேயும் அனுப்ப முடியாது. உள்ளே ஆரஞ்சு வாசனையோடு ஒருத்தி காத்திருக்கிறாள். எழுந்து போய்ச் சொன்னால் அப்பா இல்லாமல் போய்விடுவார்.

ஒரு நர்ஸ் வந்து, "என்னம்மா, நல்ல சேதிதானே, ஏன் இப்படி உட்கார்ந்திருக்கீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

பெரியவள் உள்ளே போய்த் தங்கையிடம் சொன்னாள். மருந்துக்கடை வரிசை, நாற்காலி, கையிலிருந்த சீட்டு, எதையும் மறைக்கவில்லை. முன்பெல்லாம் ஊரைக் கூட்டி அழுதவள் இந்தத் தடவை அழவில்லை. பாதி உரித்த ஆரஞ்சு மடியில் கிடக்க, கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"நான் அவரைப் பாத்தேனா?"

"பாத்தே. கையைப் பிடிச்சுக்கிட்டு இருந்தே."

"அழுதேனா?"

"ரொம்ப அழுதே. ஒவ்வொரு தடவையும் அழுதே."

"எனக்கு ஒண்ணுமே தெரியலியேக்கா. அப்போ அழுதது யாரு? என் அப்பாவுக்கு நான் அழவே இல்லியே."

"அழுதேடி. நான் பாத்தேன்."

"நீ பாத்தா ஆச்சா?" குரல் உடைந்தது. "நீ எங்கிட்டே சிரிக்கச் சிரிக்கச் சொல்லிட்டிருந்தியே, அப்போ எல்லாம் அவர் செத்துப்போயிருந்தாரா? வாழைத்தாரு கதை சொன்னப்போ?"

பெரியவள் அப்படியே தங்கையின் மடியில் முகத்தைப் புதைத்தாள். அப்பா போன நாளிலிருந்து ஒரு சொட்டுக்கூடச் சிந்தாதவள் அன்றைக்கு அழுததைப் பார்த்துப் பக்கத்து அறைக்காரர்கள் கதவருகே வந்து நின்றார்கள். "நான் 'ம்'னு மட்டும்தான்டி சொன்னேன். கடைசியா என்கிட்ட பேசிட்டுப் போறார், நான் 'ம்'ங்கறேன்." சின்னவள் கண் காய்ந்தபடியே அக்காவின் தலையைத் தடவிக்கொடுத்தாள்.

சின்னவள் வீட்டுக்கு வந்தாள். பெரியவள் கடைக்கு மேலிருந்த அறையைக் காலி செய்துவிட்டு அவளோடு வந்து தங்கினாள். சின்னவளின் முடி மறுபடி வளர்ந்தது. வேலைக்குப் போனாள். முன்பைவிடக் கவனமாக நேரம் குறிக்கிறாள் என்று பல் டாக்டர் சொன்னார். நோயில் கிடந்த மாதங்கள் மட்டும் திரும்பி வரவில்லை, வராது என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். ஒரு முறை சின்னவள் அவரிடம் கேட்டாள், "எனக்கு முதல் முதலா ஒட்டின ஞாபகம் எதும்மா?" மருத்துவர் பெரியவளைப் பார்த்தார். பெரியவள் தரையைப் பார்த்தாள்.

அவளுக்குத் தெரியும். தேறிய மூளை முதலில் பிடித்துவைத்துக்கொண்டது அப்பா இறந்த செய்தியை இல்லை. அறுபது வயது அம்மாவைப் பாஸ் பண்ணவைத்துவிட்டு, காலில் விழவந்தவளைப் பார்த்துப் பயந்து நகர்ந்த அப்பாவைத்தான். பிறகு எத்தனை நிஜம் சொல்லியும் அது அசையவில்லை. சின்னவளே சொன்னாள்: "புத்திக்குத் தெரியுதுக்கா. மனசுதான் நம்ப மாட்டேங்குது. எங்கேயோ வெளியே போயிருக்கார்னே இருக்கு."

சாயங்காலங்களில் தெருவில் ஏதாவது கார் வந்து என்ஜின் அணைந்தால் அவள் கையிலிருப்பதை வைத்துவிட்டு வாசலுக்குப் போவாள். பெரியவள் பின்னாலேயே எழுந்து போவாள். எதிர்வீட்டுக்காரர் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே போவார்.

"அப்பா இல்லேடி" என்பாள் பெரியவள்.

"தெரியும்."

"உள்ளே வா."

சின்னவள் வருவாள். சில நாள் அழுதுகொண்டே வருவாள், சில நாள் சும்மா வருவாள். பெரியவள் இப்போது கதை எதையும் கட்டிச் சொல்வதில்லை. ஒவ்வொரு தடவையும் அந்த ஒரே வார்த்தையைச் சொல்கிறாள். இப்போதெல்லாம் அதைச் சொன்னதும் கேட்பவளுக்கு முன்னால் சொல்பவளுக்குத்தான் கண் நிறைகிறது.